டிக்கெட்டில் இருக்கும் அந்த இரண்டே முக்கால் மணி நேரம்

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னையிலிருந்து டெல்லி சுமார் 2,180 கிலோமீட்டர். இரண்டு இரவு, ஒரு பகல். வான்வழியில் நேராக அளந்தால் ஏறக்குறைய 1,760தான். விமான டிக்கெட்டில் பயண நேரம் இரண்டே முக்கால் மணியை ஒட்டி இருக்கும். எத்தனை மணிக்குப் போய் இறங்குவோம் என்று பார்க்கத்தான் அந்த எண் என்று நினைக்கிறோம். விமானம் ரத்தானால் எவ்வளவு பணம் கேட்கலாம், தாமதமானால் எப்போது சாப்பாடு கேட்கலாம் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

இதைப் 'பிளாக் டைம்' என்பார்கள். புறப்படும் இடத்தில் விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, போய்ச் சேர்ந்து நிற்கும்வரை ஆகும் நேரம். ஓடுபாதைக்குக் காத்திருப்பதும் இதில் அடக்கம். ஆகவே வானில் பறப்பது இதைவிடக் குறைவு.

விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ-வின் விதிப்படி, 24 மணி நேரத்துக்கு முன்புகூடச் சொல்லாமல் விமானத்தை ரத்து செய்தால், மாற்று விமானம் அல்லது முழுப் பணத்தோடு இழப்பீடும் தர வேண்டும். பிளாக் டைம் ஒரு மணி நேரம்வரை என்றால் 5,000 ரூபாய், இரண்டு மணி நேரம்வரை 7,500, அதற்கு மேல் 10,000. சென்னை–டெல்லி மூன்றாவது வகை. ஆனால் இது உச்சவரம்பு. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து 4,000தான் என்றால், கிடைப்பதும் 4,000தான். 'பத்தாயிரம் வாங்கலாம்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகள் இதைச் சொல்வதில்லை.

சாப்பாட்டு விதி கொஞ்சம் வேடிக்கையானது. இரண்டரை மணி நேரம்வரையான பயணம் என்றால் இரண்டு மணி நேரத் தாமதத்திலேயே உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். டெல்லி அதைத் தாண்டுவதால் மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். தொலைவாகப் போகிறவருக்குப் பசி தாமதமாக எடுக்கும் போலிருக்கிறது! ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம். எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம். இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால் தங்கும் அறையும் கேட்கலாம்.

டிசம்பர், ஜனவரி டெல்லிப் பனிமூட்டம் வேறு கதை. வானிலை, பாதுகாப்பு, வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு போன்ற காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது. நிறுவனங்கள் பலமுறை 'செயல்பாட்டுக் காரணம்' என்று மொட்டையாகச் சொல்லிவிடும். வானிலையா, விமானத்தில் கோளாறா, ஊழியர் பற்றாக்குறையா என்று எழுத்தில் கேளுங்கள். வழக்கு என்று வந்தால் அந்த ஒரு வரிதான் பேசும்.

நம் ஊரில் அடிக்கடி நடக்கும் இரண்டு சறுக்கல்கள் உண்டு. டிக்கெட் எடுத்துத் தரும் ஏஜென்ட் தன் செல்போன் எண்ணைக் கொடுத்துவிடுவார். ரத்துத் தகவல் அவருக்குப் போகும். நீங்கள் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் நிற்பீர்கள். சரியான தொடர்பு விவரம் தராத பயணிக்கு இழப்பீடு இல்லை என்று விதியே சொல்கிறது. அடுத்தது, மதுரை–சென்னை ஒரு டிக்கெட், சென்னை–டெல்லி வேறொரு டிக்கெட் என்று தனித்தனியே எடுப்பது. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை. இரண்டையும் ஒரே பிஎன்ஆரில் (முன்பதிவு எண்ணில்) எடுத்திருந்தால் கேட்க வழி உண்டு.

முதலில் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் புகார் அனுப்பி, போர்டிங் பாஸ், குறுஞ்செய்திகள், சாப்பாட்டு ரசீது எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். அந்த நிறுவனத்தின் எண்ணைக் கூகுளில் தேடி அழைக்காதீர்கள். ரீஃபண்ட் தருவதாக ஓடிபி கேட்கும் கும்பல்கள் அங்கேதான் காத்திருக்கின்றன. பதில் சரியில்லை என்றால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் பதியலாம், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை, செலுத்திய தொகை ஐந்து லட்சம்வரை என்றால் கட்டணமும் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.