ரைபிள் வாங்க நினைப்பவருக்கு: மான் வேட்டைக்கு இடமில்லை, இலக்குச் சுடுதலுக்கு உண்டு

போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் என்பது ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கையால் இயக்க வேண்டிய துப்பாக்கி. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால், சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு வெளியே தெறித்து விழும். முன்னால் தள்ளினால் மேகசினில் இருக்கும் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். கைப்பிடியைக் கீழே மடக்கியதும் பூட்டிக்கொள்ளும். இந்தப் பூட்டின் உறுதிதான் இந்த வகை ரைபிளுக்குக் குறி தப்பாது என்ற பெயரை வாங்கித் தந்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மான் வேட்டைக்குப் போகிறவர்களும் இலக்குச் சுடுபவர்களும் இதையே விரும்பி வாங்குகிறார்கள். எந்த போர் (குழலின் உள்விட்டம்), எத்தனை அங்குலக் குழல், எந்தத் தொலைநோக்கி என்று அவர்கள் சொல்லும் யோசனைகள் யூடியூப் வழியாகக் காஞ்சிபுரம் மாவட்டத்து வாலாஜாபாத் இளைஞரின் கைபேசிக்கும் வந்து சேர்கின்றன. அந்த யோசனைகளில் வேட்டையைப் பற்றிய பாதி இந்தியாவில் யாருக்கும் பொருந்தாது. அதை நம்பி இறங்குபவர் சிறைக்குப் போக நேரிடும்.

இந்தியாவில் பொழுதுபோக்குக்காக மான் வேட்டையாட உரிமம் என்ற ஒன்றே கிடையாது. பிரிட்டிஷ் ஆட்சியில் நீலகிரிக்கென்று 1879-ல் தனி வேட்டைச் சட்டம் இருந்தது. அனுமதி பெற்றவர்கள் சுட்டார்கள். 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதற்குப் பின்வந்த திருத்தங்களும் அந்த வழியை அடைத்துவிட்டன. புள்ளிமான், கடமான், வெளிமான், சருகுமான் எல்லாமே பாதுகாக்கப்பட்டவை. காடு, பட்டா நிலம், ஏரிக்கரை என்று இடம் பார்த்து இந்தத் தடை மாறுவதில்லை. சுட்டுக் கொல்வது மட்டும் வேட்டை என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, வலை கட்டுவது, நாயை விட்டு விரட்டுவது, இரை வைத்து இழுப்பது, இவற்றில் எதையாவது செய்ய முயல்வது என எல்லாமே சட்டப்படி வேட்டைதான். குறி தப்பியது என்பதால் குற்றம் நீங்கிவிடாது.

தண்டனை விலங்கைப் பொறுத்து மாறும். சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள வெளிமான் போன்ற விலங்கென்றால் குறைந்தது 3 ஆண்டுச் சிறை, 7 ஆண்டுவரை நீளலாம், அபராதமும் உண்டு. சரணாலயத்துக்குள் நடந்த வேட்டைக்கும் இதே கடுமைதான். இரண்டாம் அட்டவணையில் உள்ள புள்ளிமானுக்கு 3 ஆண்டுவரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். கொன்ற விலங்கு அரசின் சொத்தாகிறது. துப்பாக்கியும் போய்வந்த வண்டியும் பறிமுதலாகும். கறி வைத்திருந்தவர், அது தன்னிடம் முறைகேடாக வரவில்லை என்பதைத் தானே நிரூபிக்க வேண்டியிருக்கும். இந்தக் கடைசிச் செய்தி தெரியாமல் மாட்டிக்கொள்பவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. நண்பர் கொடுத்தார் என்று ஒரு கிலோ கறியை வாங்கிச் சமைத்தவரும் வழக்கில் நிற்க நேரும்.

பணமும் புகழும் இந்த வழக்கைக் கரைத்துவிடும் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். 1998-ல் ஜோத்பூர் அருகே வெளிமான் வேட்டையாடியதாகத் தொடரப்பட்ட வழக்கில் நடிகர் சல்மான் கானுக்கு 2018 ஏப்ரலில் 5 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவர் மேல்முறையீடு செய்து ஜாமீனில் வந்தார். அதே சம்பவத்தில் காலாவதியான உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருந்ததாக ஆயுதச் சட்டத்தின்கீழ் தனி வழக்கும் நடந்தது. அதில் 2017-ல் விடுதலையானார். விடுதலை கிடைக்கவே ஏறத்தாழ 18 ஆண்டுகள் ஆயின. ஒரே இரவு, இரண்டு சட்டங்கள், இரண்டு வழக்குகள்: வேட்டையில் சிக்குபவர் எவருக்கும் இதுதான் நிலை.

விவசாயியின் சிக்கல் வேறு. காட்டுப்பன்றி நெல்லையும் வேர்க்கடலையையும் ஓரிரவில் உழுதுவிட்டுப் போகும்போது அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் பயிர்ச்சேதத்தைக் காரணம் காட்டி அவரே சுட முடியாது. அதற்கான உத்தரவைத் தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோதான் தர முடியும். காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளைச் சுட 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு முடிவெடுத்தது. அந்த வேலையும் பயிற்சி பெற்ற பணியாளர்களுக்குத்தான். விவசாயி செய்ய வேண்டியது, சேதத்தைப் புகைப்படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனத்துறையிடமும் எழுத்தில் மனுக் கொடுத்து, இழப்பீடு கேட்பது. வேலியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுவதும், அவுட்டுக்காய் எனும் வெடி வைத்த தீனியைப் போடுவதும் பன்றியோடு பக்கத்துத் தோட்டக்காரரையும் கொல்லக்கூடிய குற்றங்கள்.

வாலாஜாபாத் தொழிற்பகுதிக்கே உரிய ஆபத்து ஒன்றும் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாக வாலாஜாபாத்வரை லேத் பட்டறைகளுக்கும் திறமையான டர்னர்களுக்கும் பஞ்சமில்லை. ஓர் இரும்புக் குழாயைக் கொண்டுவந்து இந்த அளவுக்கு போர் போட்டுக் கொடு என்று கேட்பவருக்குச் செய்து கொடுப்பது சில்லறை வேலை போலத் தோன்றும். அது துப்பாக்கிக் குழல் என்று தெரிந்தே செய்தால், உரிமமில்லாமல் ஆயுதம் தயாரித்த குற்றம் ஆகும். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் அதற்குக் குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டு, ஆயுள்வரை போகலாம். உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கியை வைத்திருப்பதற்கே 2 முதல் 5 ஆண்டுச் சிறை. மருந்து கிட்டித்து பால்ரஸ் குண்டு போட்டுச் சுடும் அந்தத் துப்பாக்கி சுடுபவர் முகத்திலேயே வெடிக்கக்கூடியது. அதன் குழலுக்கு எந்தச் சோதனையும் நடந்திருக்காது.

இனி, சட்டம் திறந்து வைத்திருக்கும் வழி. இலக்குச் சுடுதல் முழுக்க அனுமதிக்கப்பட்ட விளையாட்டு. சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் வெண்கலம் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டி, .22 போர் ரைபிளில் சுடுவது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஏர் ரைபிளில் உலகக் கோப்பைத் தங்கம் வென்றவர். இந்த விளையாட்டில் சேர விரும்புபவர் துப்பாக்கிக் கடைக்குப் போகும் முன் ரைபிள் கிளப்புக்குப் போக வேண்டும். சென்னை, திருச்சி, கோவை, மதுரை ஆகிய ஊர்களில் கிளப்புகள் உள்ளன. கடற்கரை–திருமால்பூர் மின்ரயில் வாலாஜாபாத்தில் நிற்பதால் இங்கிருந்து சென்னைக்குப் போய்வருவது முடியாத காரியம் அல்ல.

முதல் துப்பாக்கியாக 10 மீட்டர் ஏர் ரைபிளே ஏற்றது. அதன் இலக்கில் 10 புள்ளி தரும் நடுப்பொட்டு அரை மில்லிமீட்டர்தான். மூச்சையும் விசையையும் கட்டுப்படுத்தக் கற்றுக்கொள்ள இதைவிடக் கறாரான ஆசிரியர் கிடையாது. போட்டி ரைபிளின் எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. தோள்கட்டையும் கன்னக்கட்டையும் உடலுக்கேற்ப நகர்த்தி அமைக்கும்படி இருப்பது விலை அதிகமான பெயரைவிட முக்கியம். .177 போருக்கு மேற்படாமலும் முனை ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாமலும் இருக்கும் ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. இந்த இரண்டில் ஒன்று கூடினாலும் உரிமம் வேண்டும். உரிமம் வேண்டாத அதே ஏர்கன்னால் ஏரியில் கொக்கையோ நாரையையோ சுட்டால் அதுவும் வேட்டைக் குற்றமே. வேடந்தாங்கல், கரிக்கிலி பறவைச் சரணாலயங்கள் இவ்வளவு அருகில் இருக்க, அங்கு வரும் பறவைகள் இந்தப் பக்கத்து ஏரிகளிலும் இரைதேடி இறங்குகின்றன என்பதை ஏர்கன் வாங்கித் தரும் பெற்றோர் பிள்ளைக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

அடுத்த படி .22 போல்ட் ஆக்‌ஷன் ரைபிள். அதற்கு மேல், இந்தியாவில் தனியாருக்கு உரிமத்தின்பேரில் கிடைக்கும் பெரிய போர் ரைபிள்களில் பழக்கமானவை மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலை செய்த .315, .30-06 வகைகள். .315-ன் இயக்கம் பழைய லீ-என்பீல்டு ராணுவ ரைபிளைத் தழுவியது. ஆனால் அந்த ராணுவ ரைபிளின் .303 போர் தடைசெய்யப்பட்டது. அதைத் தனியார் சாதாரண உரிமத்தில் வைத்திருக்க முடியாது. தோற்றத்தில் இரண்டும் நெருங்கியவை என்பதால், பழைய துப்பாக்கி வாங்குபவர் குழலில் பொறித்த போரையும் எண்ணையும் உரிமத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. இலக்குச் சுடுதலுக்கென்றால் .22 போதும். வேட்டை இல்லாத நாட்டில் பெரிய போர் வாங்கித் தோட்டாவுக்கும் சுடுதளத்துக்கும் அலைவதில் பயனில்லை.

உரிமம் கேட்பவர் 21 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். விளையாட்டுப் பயிற்சிக்கு மட்டும் இளையோருக்கெனத் தனி விதிகள் உண்டு. வாலாஜாபாத்வாசி காஞ்சிபுரம் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, மருத்துவச் சான்று, காவல்துறை விசாரணை ஆகியவை கட்டாயம். உரிமம் 5 ஆண்டு செல்லும். பொதுவாக ஒருவர் 2 துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. துப்பாக்கி வைத்திருப்பது இந்தியாவில் அடிப்படை உரிமை அல்ல. சட்டம் தரும் அனுமதி மட்டுமே. ஆனாலும் விண்ணப்பித்தவருக்கு உரிமைகள் உண்டு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். கேட்டால், பொதுநலனுக்குப் பாதகம் இல்லாதவரை, அதைத் தர வேண்டும். மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம்; அதிலும் நியாயம் கிடைக்கவில்லை என்றால் உயர் நீதிமன்றம் இருக்கிறது. ஏஜெண்டுக்குப் பணம் கொடுத்து வெளிமாநில உரிமம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடைக்காது. போலி என்று தெரியவரும் நாளில் அது உரிமமில்லாத துப்பாக்கியாகிவிடும்.

வடமாநிலங்களிலிருந்து ஒரகடம் பக்கம் காவலாளி வேலைக்குத் துப்பாக்கியோடு வருபவர்கள் தங்கள் உரிமம் தமிழ்நாட்டில் செல்லுமா என்று முதலில் பார்க்க வேண்டும். செல்லுமானாலும், இடம் மாறிய 30 நாளுக்குள் பழைய ஊர், புதிய ஊர் இரண்டின் உரிம அதிகாரிகளுக்கும் தெரிவிப்பது அவசியம். தாத்தா இறந்தபின் பீரோவில் கிடக்கும் அவருடைய துப்பாக்கியும் தானாகப் பேரனுக்கு வந்துவிடாது. தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, வாரிசு உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

எங்கே சுடுவது என்பதில் விட்டுக்கொடுக்கவே முடியாது. சிறிய .22 தோட்டாகூட ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே சுடுதளத்தில் பயிற்சி நடந்தபோது, தொலைவில் வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்தான். சீருடைப் படையினர் பயன்படுத்திய தளத்திலேயே இது நடந்தது. பாலாற்று மணலோ ஏரிக்கரையோ சுடுதளம் ஆகாது. பின்னால் போதிய உயரத்தில் மண்மேடு கட்டி அனுமதி பெற்ற தளத்தில் மட்டுமே சுட வேண்டும். வீட்டில் துப்பாக்கியும் தோட்டாவும் தனித்தனிப் பூட்டில் இருக்க வேண்டும். திருமண ஊர்வலத்திலோ கோயில் விழாவிலோ வானத்தை நோக்கிப் பொறுப்பில்லாமல் சுட்டால் 2 ஆண்டுவரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும்.

வேட்டையோ கள்ளத் துப்பாக்கியோ கண்ணில் பட்டால் 112-க்கோ மாவட்ட வன அலுவலருக்கோ சொல்லலாம். இப்படிப்பட்ட வழக்கில் கைதானவருக்கும், என்ன காரணத்துக்காகக் கைது என்று தெரிந்துகொள்ளவும், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்தப்படவும் உரிமை உண்டு. உதவி வனப் பாதுகாவலர் நிலையிலோ அதற்கு மேலோ உள்ள அலுவலர் சட்டப்படி பதியும் வாக்குமூலம் பின்னர் நீதிமன்றத்தில் சாட்சியமாக எடுத்துக்கொள்ளப்படலாம் என்பதால், படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர் காஞ்சிபுரம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணில் அழைத்தும் இலவச உதவி கேட்கலாம்.