மலைநாட்டு வீட்டுக்கு ஏற்ற இணைய இணைப்பு

பட்டிப்பொல புகையிரத நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,891 மீற்றர் உயரத்தில் உள்ளது. இலங்கையில் இதனினும் உயரமான நிலையம் வேறில்லை. இத்தகைய உயரத்தில் இணையம் தடையின்றிக் கிடைக்கும் எனப் பலர் எண்ணுவர். ஆனால் உயரத்தினும் முக்கியமானது, கோபுரத்துக்கும் வீட்டுக்கும் இடையே மலை மறிக்கின்றதா என்பதேயாகும். மேட்டு லயத்தில் நன்கு இயங்கும் இணைப்பு, பள்ளத்து லயத்தில் பயனற்றுப் போகலாம்.

2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, மலைப்பகுதிப் பிள்ளைகள் சிலர் சமிக்ஞை தேடிப் பாறைகளின் மேல் ஏறிப் பாடம் கற்றனர். இன்று பிள்ளைகளின் பாடங்களும், மரக்கறியின் சந்தை விலையும், மழை பற்றிய முன்னறிவிப்பும் இணையத்தின் வழியே வருகின்றன. நாட்கூலியிலிருந்து செலுத்தும் கட்டணம் வீணாகாதிருக்க, இணைப்பைப் பெறுமுன் ஆராய்தல் அவசியம்.

இணைப்பின் வகைகள்

1. செப்புக் கம்பி: பழைய தொலைபேசிக் கம்பி வழியே வருவது. தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு விலக விலக வேகம் குறையும். இடி மின்னலினால் கருவிகள் பழுதடைவதும் உண்டு.

2. ஒளியிழை: ‘பைபர்’ எனப்படும் இது, கண்ணாடி இழையில் ஒளியைச் செலுத்துவது. தூரத்தினால் வேகம் எளிதில் குறையாது. மலையும் மழையும் தடையாகா. வீட்டின் அருகேயுள்ள கம்பம் வரை இது வந்திருப்பின் இதுவே சிறந்தது. மரம் விழுந்தாலோ மண் சரிந்தாலோ இழை அறுபடக்கூடும். லயங்களில் கம்பி இழுக்குமுன் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியைப் பெறுதல் வேண்டும்.

3. கோபுர அலை: ‘4ஜி’ றவுட்டர் இவ்வகையினது. கம்பி வேண்டியதில்லை. பனிமூட்டம் இதனைக் கெடுப்பதாகப் பலர் கூறுவர். உண்மையில் பெருந்தடை மலையும், தகரக் கூரையும், தடித்த கற்சுவருமே. மாலையில் பலர் ஒருங்கே பயன்படுத்தும்போது வேகம் குறையும்.

4. செய்மதி: ‘ஸ்டார்லிங்க்’ சேவை இலங்கையில் 2025 யூலையில் ஆரம்பமானது. அதன் செய்மதிகள் பல நூறு கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. மரமோ கூரையோ மறைக்காத திறந்த வானம் இதற்கு வேண்டும். கடும் மழையில் சிறிது நேரம் தடைப்படலாம். செலவு மிக அதிகமாதலால், வேறு வழியில்லாத இடங்களுக்கே இது ஏற்றது.

தேவையைக் கணக்கிடுதல்

படத்துடன் நடைபெறும் ஒரு மணி நேர வகுப்புக்கு ஏறத்தாழ 1 ஜிகாபைட் செலவாகும். மாதத்தில் 20 நாட்கள், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் எனில், ஒரு பிள்ளைக்கு 20 ஜிகாபைட்டும் இரு பிள்ளைகளுக்கு 40 ஜிகாபைட்டும் வேண்டும். விலை அறிவதற்கும் செய்தி அனுப்புவதற்கும் மட்டுமாயின், கைத்தொலைபேசியின் சிறிய பொதியே போதுமானது. தனி இணைப்பு தேவையில்லை.

விளம்பரத்திற் காணும் பெரிய அளவில் ஒரு பகுதி நள்ளிரவுக்குப் பின் மட்டும் பயன்படுவதாக இருக்கலாம். பகலுக்குரிய அளவு எவ்வளவு எனத் தனியே கேட்டறிதல் வேண்டும்.

சோதிக்கும் முறை

கோபுர அலை இணைப்பை வாங்குமுன், வெவ்வேறு நிறுவனங்களின் சிம் அட்டையுள்ள தொலைபேசிகளை அயலவரிடம் இரவல் பெற்றுத் தம் வீட்டிலேயே சோதிக்க வேண்டும். காலையிலும், இரவு எட்டு மணியளவிலும், மழை நாளிலும் ஒவ்வொரு யன்னலருகிலும் வேகத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்க. நல்ல சமிக்ஞை கிடைத்த யன்னலே றவுட்டரை வைப்பதற்குரிய இடமாகும்.

ஒரு நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்ட றவுட்டரை, பின்னர் வேறு நிறுவனத்துக்கு மாற்ற இயலாது போகலாம். எனவே இதனையும் முன்கூட்டியே விசாரித்தல் நன்று. மின்தடை நேரும் இடங்களில் றவுட்டருக்கெனச் சிறிய மின்கலம் ஒன்றை வைத்துக்கொண்டால், வகுப்பு இடையில் நில்லாது.

கவனிக்க வேண்டியது

கம்பத்தில் ஒளியிழை இருப்பின் அதனைப் பெறுக. இல்லையேல் சோதித்துத் தேர்ந்த கோபுர அலையைக் கொள்க. இவ்விரண்டும் கிட்டாவிடத்தே செய்மதியை ஆராய்க. அயல் வீட்டில் நன்கு இயங்குகின்றது என்பதை மட்டும் நம்பிப் பணம் செலுத்தலாகாது. ஒரு வயலின் மண்ணைச் சோதித்து மறு வயலுக்கு உரமிடுவார் எவருமிலர்.