மெய்நிகர் நாணயம்: எந்த அச்சத்தை விடுவது, எந்த அச்சத்தை வைத்திருப்பது?

விடுமுறையில் ஊர் வந்திருக்கும் மைத்துனர் கைத்தொலைபேசியைக் காட்டி, "பயப்படாதீங்க மச்சான், நானும் போட்டிருக்கன்" என்று கூறுவது கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று வீடுகளில் இன்று புதிதன்று. கேட்பவர் தயங்குகின்றார். அத்தயக்கம் அறியாமையென்று எள்ளப்படுகின்றது. உண்மையில் அதனுள் இரண்டு வெவ்வேறு அச்சங்கள் கலந்திருக்கின்றன.

முதலாவது, விளங்காத பொருள் பற்றிய அச்சம். இது கற்பதால் நீங்கும். 2009 ஜனவரியில் இயங்கத் தொடங்கிய பிட்கொயின், எந்த வங்கியும் எழுதாத பொதுப் பேரேடு ஒன்றாகும். உலகெங்குமுள்ள கணினிகள் அதன் பிரதிகளை வைத்திருந்து, ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் சரிபார்க்கின்றன. 2 கோடியே 10 இலட்சத்துக்கு மேல் அது உருவாக்கப்படமாட்டாது. ஒன்றை 10 கோடிக் கூறுகளாகப் பிரிக்கலாமென்பதால், முழுதாக வாங்கப் பெருந்தொகை வேண்டுமென அஞ்சுவதும் அவசியமற்றது. உரிமையை நிலைநாட்டுவது ஓர் இரகசியத் திறவுகோல். பெரும்பாலும் 12 அல்லது 24 சொற்களாக எழுதி வைக்கப்படுவது. அச்சொற்களைப் பிறர் அறிந்தால் பணம் போய்விடும். தவறான முகவரிக்கு அனுப்பியதை மீட்டுத்தர எந்த முகாமையாளரும் இல்லை.

இரண்டாவது அச்சம் மனிதரைப் பற்றியது. அதை விட்டுவிடக்கூடாது.

மெய்நிகர் நாணயத் திட்டங்களை நடத்துவதற்கு எந்த நிறுவனத்துக்கும் அனுமதி வழங்கவில்லையென இலங்கை மத்திய வங்கி 2021, 2022 ஆம் ஆண்டுகளில் பொதுமக்களுக்கு அறிவித்தது. 2021 ஆம் ஆண்டின் 03 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிப் பணிப்புரையின்படி, வங்கிகளின் கடனட்டை, பற்றட்டை ஆகியவற்றையும் இதற்குப் பயன்படுத்த முடியாது. இதன் விளைவு கவனிக்கத்தக்கது. இடைத்தரகரே தேவையில்லை என்று உலகில் பெருமை பேசப்படும் ஒரு கண்டுபிடிப்பு, எமது ஊர்களில் இடைத்தரகர் வழியாகவே வந்து சேர்கின்றது. ரொக்கம் அவரது கையில். எமக்குக் கிடைப்பது திரையில் தெரியும் ஓர் இலக்கம். அவர் உறவினராகவோ, பள்ளிவாசலில் அருகில் நிற்பவராகவோ இருப்பதால் பற்றுச்சீட்டும் கேட்கப்படுவதில்லை.

மத்திய வங்கி 2023 இல் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பெயர்களை வெளியிட்டபோது அவற்றில் 'ஸ்போர்ட்ஸ் செயின்', 'எம்.டீ.எப்.ஈ.' என்பனவும் அடங்கின. ஆள் சேர்ப்பவருக்குப் பங்கு கிடைப்பதே இத்தகைய திட்டங்களின் இயல்பு. ஆகவே மைத்துனர் பொய் சொல்லாமலும் இருக்கலாம். முதலில் சேர்ந்தவருக்குச் சிலகாலம் பணம் வரத்தான் செய்யும். ஆனால் வங்கித்தொழில் சட்டத்தின் கீழ் இத்திட்டங்களை நடத்துவது மட்டுமன்றி, பரப்புவதும் குற்றமாகும் என்பதை அவர் அறிந்திருக்க மாட்டார். 2023 ஓகஸ்டில் எம்.டீ.எப்.ஈ. சரிந்தபோது பங்களாதேஷில் பலரின் கணக்கு மீதி ஒரே இரவில் கடனாக மாறியிருந்தது.

மார்க்க ரீதியான தயக்கமும் எமது சமூகத்தில் உண்டு. அது வெறும் பழைமைவாதமன்று. எகிப்தின் தாருல் இப்தா 2018 இன் தொடக்கத்தில் பிட்கொயினை ஹராம் என்றது. இந்தோனேசிய உலமா சபை 2021 இல் அதை நாணயமாகப் பயன்படுத்துவதை விலக்கியது. மலேசியப் பிணையங்கள் ஆணைக்குழுவின் ஷரீஆ ஆலோசனைச் சபையோ, பதிவுபெற்ற தளங்களில் இலத்திரனியல் சொத்துகளை வர்த்தகம் செய்வதற்கு 2020 இல் அனுமதியளித்தது. அறிஞர்கள் இவ்வாறு வேறுபடும்போது, பணம் போட்ட பின்னரன்றி, போடுமுன் ஊர் உலமாவிடம் வினவுவதே பொருத்தம்.

நேர்மையான வழியில் வாங்கினாலும் விலை பாதுகாப்பானதன்று. 2021 நவம்பரில் ஏறத்தாழ 69,000 டொலருக்கு விற்ற பிட்கொயின், ஓராண்டில் 16,000 டொலருக்குக் கீழ் இறங்கியது. கட்டாரில் உழைத்தனுப்பிய பணத்தையோ, அடகுவைத்த நகையின் பணத்தையோ, சீட்டுக்காசையோ அவ்வாறானதொரு வீழ்ச்சியின் முன் நிறுத்துவதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

சட்டநிலையை அறிந்து, இழந்தாலும் குடும்பம் தளம்பாத சிறுதொகையோடு கற்க முனைபவர், முதலில் தரகரிடம் ஒன்றைக் கேட்கலாம்: "வாங்கியதை எனது முகவரிக்கு அனுப்பி, பரிமாற்ற இலக்கத்தைத் தாருங்கள்." பேரேடு பொதுவானது, அவ்விலக்கத்தைக் கல்முனையில் இருந்தவாறே எவரும் சரிபார்க்கலாம். "அதெல்லாம் எதுக்கு மச்சான், எங்கிட்டயே கிடக்கட்டும்" என்ற பதில் வருமாயின், வாங்கவேண்டியது நாணயமன்று, கொடுத்த ரொக்கத்தையே.