ராஜாவை வெல்லும் ஜாக்கி

சீட்டுக்கட்டில் யார் பெரியவர்? ராஜா என்பீர்கள். ஏஸ் என்று சிலர் சொல்வார்கள். இருபத்தெட்டு என்ற ஆட்டத்தில் இரண்டு பேருமே இல்லை. அங்கே ஜாக்கிதான் முதல். அவருக்கு அடுத்த இடம், படம்கூட இல்லாத ஒன்பதுக்கு! அதன் பிறகுதான் ஏஸ், பத்து, ராஜா, ராணி, எட்டு, ஏழு என்று வரிசை இறங்குகிறது. இந்த விசித்திர வரிசைக்குப் பின்னால் கடல் கடந்த ஒரு கதை இருக்கிறது. முதலில் ஆட்டத்தைக் கற்றுக்கொள்வோம்.

தஞ்சாவூர்ப் பக்கம் இதற்கு ஏற்ற காலம் கோடைதான். சம்பா அறுத்து, தரிசில் விளைந்த உளுந்தையும் பயறையும் எடுத்துவிட்டால் வயலில் வேலை குறைவு. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 வரை வாய்க்காலில் தண்ணீர் இல்லை, பள்ளிக்கூடமும் விடுமுறை. திண்ணையில் நான்கு பேர் சேர்ந்தால் போதும். காசு வேண்டவே வேண்டாம். கணக்கு வைக்கப் புளியங்கொட்டை இருக்கிறது.

கட்டிலிருந்து 2 முதல் 6 வரை உள்ள சீட்டுகளை எடுத்து வைத்துவிடுங்கள். ஆர்ட்டின், கிளாவர் போன்ற ஒவ்வோர் இனத்திலும் 8 சீட்டு, மொத்தம் 32 மிஞ்சும். நான்கு பேரில் எதிரெதிரே உட்காருபவர்கள் ஜோடி. ஜாக்கிக்கு 3 புள்ளி, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கு 1, பத்துக்கு 1. மற்றவற்றுக்கு ஒன்றுமில்லை. ஓர் இனத்தில் 7 புள்ளி. நான்கு இனத்துக்கும் சேர்த்து 28. ஆட்டத்தின் பெயரே அதன் மொத்தக் கணக்கு!

முதலில் ஆளுக்கு நான்கு சீட்டுதான் போடுவார்கள். அதைப் பார்த்ததும் ஏலம் தொடங்கும். “எங்கள் ஜோடி 14 எடுக்கும்” என்று ஒருவர் சொன்னால், இன்னொருவர் 15 என்பார், 16 என்பார். 14 என்பது மொத்தத்தில் சரிபாதி. அதற்குக் கீழே கேட்க முடியாது. அதிகம் கேட்டவர் துருப்பு எந்த இனம் என்று தீர்மானித்து, அந்த இனத்துச் சீட்டு ஒன்றை யாருக்கும் காட்டாமல் கவிழ்த்து வைப்பார். அதன் பிறகே மீதி நான்கு சீட்டு கைக்கு வரும். பாதிச் சீட்டைப் பார்த்துவிட்டு முழு ஆட்டத்துக்கும் வாக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

ஆட்டம் வலப்பக்கமாகச் சுற்றி வரும். முதலில் இறக்கப்பட்ட சீட்டு எந்த இனமோ, அதே இனம் கையில் இருந்தால் கட்டாயம் அதைத்தான் போட வேண்டும். இல்லையென்றால் வேறு ஏதாவது போடலாம். அல்லது “துருப்பைக் காட்டுங்கள்” என்று கேட்கலாம். கேட்டவர் கையில் துருப்பு இருந்தால் அதைப் போட்டே ஆக வேண்டும். வெளியே தெரிந்த பிறகுதான் துருப்புக்குச் சக்தி. அப்போது சாதாரணத் துருப்பு ஏழுகூட மற்ற இனத்து ஜாக்கியை வெட்டிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் விழும் நான்கு சீட்டையும் வென்றவர் எடுத்துக்கொள்வார். எட்டுச் சுற்று முடிந்ததும் ஏலம் எடுத்த ஜோடி புள்ளிகளைக் கூட்டும். சொன்னது வந்திருந்தால் வெற்றி.

பேச்சு, கண்ஜாடை எதுவும் கூடாது. அப்படியானால் எதிரே இருக்கும் ஜோடியின் கையில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் அறிவியல் வருகிறது. 32 சீட்டில் ஒருவர் கைக்கு 8 சீட்டு வரக்கூடிய விதங்கள் மட்டும் 1,05,18,300. அத்தனையையும் மனப்பாடம் செய்ய யாராலும் முடியாது. ஆனால் விழும் ஒவ்வொரு சீட்டும் அவற்றில் பலவற்றை அடித்துத் தள்ளிக்கொண்டே போகும்.

ஒரு சுற்றைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். உங்களுக்கு எதிரே உங்கள் ஜோடி அக்கா. வலப்பக்கம் மாமா, இடப்பக்கம் சித்தப்பா. ஆர்ட்டின் ஜாக்கி உங்களிடம் இல்லை. அது அக்காவிடம் இருக்க என்ன வாய்ப்பு? மூன்று பேரில் ஒருவரிடம் இருக்கிறது. ஆகவே மூன்றில் ஒன்று. இப்போது நீங்கள் ஆர்ட்டின் ராஜாவை இறக்குகிறீர்கள். மாமா கிளாவர் ஏழைப் போடுகிறார். அப்படியானால் மாமாவிடம் ஆர்ட்டினே இல்லை. இது ஊகம் இல்லை, உறுதி. இருந்தால் விதிப்படி அவர் அதைப் போட்டிருக்க வேண்டும். அக்கா ஆர்ட்டின் எட்டைப் போடுகிறாள், சித்தப்பா ஆர்ட்டின் ராணியை. இனி ஜாக்கி இருக்கக்கூடிய கைகள் இரண்டே. மூன்றில் ஒன்றாக இருந்த வாய்ப்பு, ஒரே சுற்றில் இரண்டில் ஒன்றாக உயர்ந்துவிட்டது. நீங்கள் அக்காவின் சீட்டில் ஒன்றைக்கூடத் திருட்டுத்தனமாகப் பார்க்கவில்லை!

இதையே கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். எட்டுக்குப் பதிலாக அக்கா ஆர்ட்டின் ஒன்பதைப் போட்டிருந்தால்? 2 புள்ளி மேசைமேல் கிடக்கிறது. ஆர்ட்டினில் அதை வெல்லக்கூடியது ஜாக்கி மட்டுமே. சித்தப்பாவிடம் ஜாக்கி இருந்தால் சும்மா விடுவாரா? 5 புள்ளியையும் அள்ளியிருப்பார். அவர் ராணியைப் போடுகிறார். ஆக, ஜாக்கி பெரும்பாலும் அக்காவிடமே இருக்கிறது. அந்தத் தைரியத்தில்தான் அவள் ஒன்பதை இறக்கினாள். மாமாவைப் பற்றி நமக்குத் தெரிந்தது நிரூபணம். சித்தப்பாவைப் பற்றித் தெரிந்தது தடயம். தடயத்தை நிரூபணம் என்று நினைத்து ஆடுபவர்கள்தான் அடிக்கடி தோற்கிறார்கள். புதிய செய்தி வர வர வாய்ப்பைத் திருத்திக்கொள்ளும் இந்த முறை, நோய் கண்டறியும் மருத்துவருக்கும் மழை சொல்லும் வானிலை ஆய்வாளருக்கும் அன்றாட வேலை.

சரி, ஜாக்கி ஏன் பெரியவர்? நெல் தெரிந்தவர்கள் இரண்டு ஊர் வயல்களில் கறுத்த உமியுள்ள கருங்குறுவையைப் பார்த்தால், இரண்டும் ஒரே விதை வழி என்பார்கள். வேறெங்கும் காணப்படாத ஓர் அடையாளம் இரண்டு இடத்தில் இருந்தால், உறவு இருக்க வேண்டும் என்பது உயிரியலில் முக்கியமான ஒரு வாதம். சீட்டாட்டத்திலும் அதைச் செய்து பார்க்கலாம். நெதர்லாந்தில் கிளாவர்யாஸ் என்று ஓர் ஆட்டம். அங்கேயும் 32 சீட்டு, நான்கு பேர், எதிரெதிர் ஜோடி. துருப்பு இனத்தில் ஜாக்கிதான் முதல், 20 புள்ளி. அடுத்தது ஒன்பது, 14 புள்ளி. பிறகு ஏஸ் 11, பத்து 10. மற்ற இனங்களில் மட்டும் ஏஸ் முதலாவது. சுவிட்சர்லாந்தின் யாஸ், பிரான்சின் பெலோட் எல்லாம் இதே குடும்பம்.

இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் ஆடப்படும் 304 என்ற ஆட்டத்தையும் பக்கத்தில் வையுங்கள். ஜாக்கி 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. ஏஸும் பத்தும் கிளாவர்யாஸில் உள்ளபடியே இருக்கின்றன! இப்போது 304-இன் எண்களை ஒவ்வொன்றாகப் பத்தால் வகுத்து, மீதியை விட்டுவிடுங்கள். 3, 2, 1, 1, 0, 0. அதுதான் நம் இருபத்தெட்டு.

இந்த உறவு எப்படி வந்தது? நாகப்பட்டினத்தை 1658-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். 1690 முதல் சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுவே தலைமையிடம். 1781-இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். உடனே “அவர்கள்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்” என்று தோன்றும். ஆனால் யாஸ் பற்றிய மிகப் பழைய பதிவுகளில் ஒன்று 1796-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, அதுவும் சுவிட்சர்லாந்தில். அதனால் ஆராய்ச்சியாளர்கள் வேறொரு வழியையும் காட்டுகிறார்கள்: தென்னாப்பிரிக்கா. அங்கே டச்சு வழியினரின் கிளாவர்யாஸ் இருந்தது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த ‘ட்ரூரோ’ கப்பலில் தொடங்கி 1911 வரை, ஒன்றரை லட்சம் இந்தியர்கள் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் பிற வேலைகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். அவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் டர்பனில் ‘துன்னி’ என்ற சீட்டாட்டம் ஆடுகிறார்கள். அதில் ஜாக்கி 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2.

துன்னியில் 32 சீட்டு கிடையாது, 24 மட்டுமே. எட்டையும் ஏழையும் எடுத்துவிடுவார்கள். அப்படியும் அதன் மொத்தப் புள்ளி 304-தான். ஏன் குறையவில்லை? ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள்.