10 ஆண்டு ஜெயில் சட்டம் பாஸ் ஆச்சு... அமலுக்கு வந்துச்சா? டிரைவர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய விவரம்

"ஆள் மேல மோதிட்டு நிக்காம போனா 10 வருஷம் ஜெயில், 7 லட்சம் அபராதமாமே?"

லாரி ஸ்டாண்டு, ஆட்டோ ஸ்டாண்டு, டீக்கடை என்று 2024 ஜனவரியில் கிளம்பிய இந்தப் பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை. இதில் பாதிதான் உண்மை. அந்தச் சட்டப்பிரிவு பாராளுமன்றத்தில் நிறைவேறியது நிஜம். ஆனால் அதை மத்திய அரசு அமலுக்குக் கொண்டு வரவில்லை. 7 லட்சம் என்ற தொகையோ சட்டத்தில் எங்கேயும் இல்லை. அபராதம் உண்டு என்று மட்டும்தான் இருக்கிறது.

சட்டம் போட்டாச்சுன்னா போட்டாச்சுதானே, அப்புறம் என்ன அமல் என்று கேட்கலாம். இங்கேதான் விஷயமே இருக்கிறது.

பாராளுமன்றத்தின் 2 சபைகளிலும் மசோதா நிறைவேற வேண்டும். ஜனாதிபதி கையெழுத்துப் போட வேண்டும். சட்டத்தில் தேதி எதுவும் சொல்லாவிட்டால் அந்தக் கையெழுத்து நாளில் இருந்தே அமல். ஆனால் பல சட்டங்களில், "அரசு கெஜட்டில் அறிவிக்கும் தேதியில் இருந்து அமலுக்கு வரும், ஒவ்வொரு பிரிவுக்கும் வேறு வேறு தேதி வைக்கலாம்" என்ற ரீதியில் முதல் பிரிவிலேயே ஒரு வரி இருக்கும். கெஜட்டில் தேதி வரும் வரை அந்தப் பிரிவில் போலீஸ் வழக்குப் போட முடியாது. பின்னால் தேதி வந்தாலும், அதற்கு முன்பு நடந்த சம்பவத்துக்கு அந்தத் தண்டனை கொடுக்க முடியாது. அரசியல் சட்டத்தின் 20-வது பிரிவு அதைத் தடுக்கிறது.

இனி டிரைவர்கள் கதைக்கு வருவோம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 106-வது பிரிவு இருக்கிறது. அதன் 2-வது உட்பிரிவு, தாறுமாறாக வண்டி ஓட்டி ஒருவரைச் சாகடித்துவிட்டு, போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ சொல்லாமல் தப்பி ஓடினால் 10 ஆண்டு வரை ஜெயில் என்கிறது. ஜாமீனும் சுலபத்தில் கிடைக்காது. 2023 டிசம்பரில் இந்தச் சட்டம் நிறைவேறி, 25-ந்தேதி ஜனாதிபதி ஒப்புதலும் கிடைத்தது.

அடுத்த வாரமே வடமாநிலங்களில் லாரிகள் நின்றன. டீசல், பெட்ரோல் கிடைக்காமல் போய்விடுமோ என்று பங்க்குகளில் கூட்டம் அலைமோதியது. 2024 ஜனவரி 2-ந்தேதி இரவு மத்திய உள்துறை செயலாளர் லாரி உரிமையாளர் சங்கத்தாரை அழைத்துப் பேசினார். உங்களிடம் கலந்து பேசாமல் இந்தப் பிரிவை அமல்படுத்த மாட்டோம் என்று உறுதி கொடுத்தார். பிப்ரவரியில் வந்த கெஜட் அறிவிப்பில், ஜூலை 1 முதல் புதிய சட்டம் அமல், ஆனால் 106(2) மட்டும் நீங்கலாக என்று போட்டார்கள். சட்டப் புத்தகத்தில் அந்தப் பிரிவு அச்சாகி இருக்கிறது. ஆனால் உயிர் இல்லை.

இது புதுசு அல்ல. டெல்லி வாடகைச் சட்டம் 1995-ல் நிறைவேறியது. பழைய வாடகையில் கடை நடத்திய வியாபாரிகள் கொதித்ததால் கெஜட்டில் தேதியே வரவில்லை. 2003-ல் சுப்ரீம் கோர்ட்டு வரை போயும் பலன் இல்லை. 1978-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, விசாரணைக் குழு ஒப்புதல் இல்லாமல் தடுப்புக் காவலில் வைக்கும் காலத்தை 3 மாதத்தில் இருந்து 2 மாதமாகக் குறைத்தார்கள். அது இன்னமும் அமலாகவில்லை. தேதி குறிப்பது அரசின் வேலை, கோர்ட்டு உத்தரவு போட முடியாது என்று ஏ.கே.ராய் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நாலும் 2019, 2020-ல் நிறைவேறியவை. அவை நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர் 21-ந்தேதிதான்.

எம்.பி.க்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றியதை அரசு வருஷக்கணக்கில் அலமாரியில் வைப்பது சரியா என்றால், சரியில்லைதான். அதே அலமாரிதான் லாரிக்காரர்களுக்குப் பேரம் பேச நேரம் கொடுத்தது என்பதையும் மறைக்க முடியாது.

அதற்காக, "சட்டம்தான் வரலையே, மோதிட்டுப் போயிடலாம்" என்று யாராவது நினைத்தால் மாட்டிக்கொள்வார்கள். 106-ன் முதல் உட்பிரிவு 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. கவனக்குறைவால் உயிர் போனால், ஓடினாலும் நின்றாலும் 5 ஆண்டு வரை ஜெயில். பழைய சட்டத்தில் இது 2 ஆண்டுதான்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவும் இருக்கிறது. அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக டிரைவர் ஏற்பாடு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் 6 மாதம் வரை ஜெயில் அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

"நின்னா கூட்டம் அடிச்சே கொன்னுடும் சார்" என்பதுதான் டிரைவர்கள் சொல்லும் ஒரே பதில். அந்தப் பயத்துக்கும் இதே 134-வது பிரிவில் இடம் உண்டு. கூட்டத்தின் ஆவேசத்தால் உதவி செய்ய முடியாத நிலை என்றால் அது குற்றம் ஆகாது. ஆனால் சம்பவ இடத்தில் போலீஸ் இல்லாவிட்டால், பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்குப் போய்த் தகவல் சொல்லியாக வேண்டும். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம். அதிகபட்சம் 24 மணி நேரம்.