எல்லையை மாற்ற நம் சம்மதம் வேண்டாமா?

அந்தியூரிலிருந்து பர்கூர் மலைப்பாதை வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகிறவர்கள் வழியில் மாநில எல்லையைத் தாண்ட வேண்டும். 1956 அக்டோபர் 31 வரை அங்கே அப்படியொரு எல்லை இல்லை. மாதேஸ்வரன் மலை அடங்கிய கொள்ளேகால் தாலுகா அன்றைய கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதி. மறுநாள் மாநிலச் சீரமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கொள்ளேகால் மைசூர் மாநிலத்துக்குப் போனது. கன்னடம் பேசுவோர் மிகுந்த தாலுகா என்பதால் அந்த முடிவில் நியாயம் இருக்கலாம். ஆனால் எந்த மாநிலத்தில் இருக்க விருப்பம் என்று அந்த மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தவில்லை. நடத்தியாக வேண்டும் என்று சட்டம் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை.

2021 ஜூலையில் இந்தக் கேள்வி கோவைப் பக்கம் திடீரென்று உயிர்பெற்றது. மத்திய இணையமைச்சராகப் பொறுப்பேற்ற எல்.முருகனின் தன்விவரக் குறிப்பில் ‘கொங்குநாடு’ என்ற சொல் இருந்தது. அதைத் தொட்டு, தமிழகத்தைப் பிரிக்கப் போகிறார்கள் என்று செய்தி கிளம்பியது. அப்படி எந்தத் திட்டமும் இல்லை என்று அடுத்த மாதமே மத்திய அரசு நாடாளுமன்றத்தில் பதில் சொன்னது. பேச்சு அடங்கிவிட்டது. ஆனால் அப்போது டீக்கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் பலரும் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது: “ஏனுங்க, நம்மளக் கேக்காமயே பிரிச்சுப்போடுவாங்களா?”

பிரிக்க முடியும் என்பதே சட்டத்தின் பதில்.

அரசியலமைப்பின் 3ஆவது பிரிவு, புது மாநிலம் அமைக்கவும், இருக்கும் மாநிலத்தின் எல்லையை, பரப்பை, பெயரை மாற்றவும் நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. சென்னை மாநிலம் ‘தமிழ்நாடு’ ஆனதும் இந்த வழியில்தான். 1967 ஜூலையில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 1968இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிய பிறகே, 1969 ஜனவரி 14 அன்று பெயர் மாறியது. இத்தகைய மசோதாவைக் குடியரசுத் தலைவர் சம்பந்தப்பட்ட மாநிலச் சட்டமன்றத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும். சட்டமன்றம் ‘வேண்டாம்’ என்று சொன்னாலும் அது நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது.

இதற்கு அண்மைச் சான்று ஆந்திரம். 2014 ஜனவரி 30 அன்று அம்மாநிலச் சட்டமன்றம் பிரிவினை மசோதாவைக் குரல் வாக்கெடுப்பில் நிராகரித்தது. பிப்ரவரி 18 அன்று மக்களவையும், 20 அன்று மாநிலங்களவையும் அதே மசோதாவை நிறைவேற்றின. ஜூன் 2 அன்று தெலங்கானா பிறந்தது. தெலங்கானா மக்களின் கோரிக்கை நெடுங்காலத்தது, அதன் நியாயம் தனி. நாம் கவனிக்க வேண்டியது வழிமுறையை. 2019 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீர் இரண்டு யூனியன் பிரதேசங்களாக்கப்பட்டபோது சட்டமன்றமே கலைந்து கிடந்தது. சட்டமன்றம் சொல்ல வேண்டிய கருத்தையும் நாடாளுமன்றமே சொல்லிக்கொண்டது.

இதைவிட வியப்பானது 4ஆவது பிரிவு. இப்படிச் செய்யும் மாற்றம் ‘அரசியலமைப்புத் திருத்தம்’ ஆகாது என்கிறது அது. அதாவது, சாதாரணப் பெரும்பான்மையே போதும். உண்மையான திருத்தத்துக்கு 368ஆவது பிரிவு இதைவிடக் கடுமையான நிபந்தனை வைக்கிறது: ஒவ்வொரு அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு. கூட்டாட்சி தொடர்பாக அதே பிரிவு பட்டியலிடும் சில விஷயங்கள் என்றால் பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் வேண்டும். ஜிஎஸ்டிக்கான 101ஆவது திருத்தம் அப்படித்தான் வந்தது. 2016 ஆகஸ்ட் 3 அன்று மாநிலங்களவையில் அதிமுக வெளிநடப்புச் செய்தது, மசோதா நிறைவேறியது. பாதி மாநிலங்கள் ஒப்பியதும் செப்டம்பரில் அது சட்டமானது. திருப்பூர் பனியனுக்கும் கோவை வெட்கிரைண்டருக்கும் எவ்வளவு வரி என்று இன்று பரிந்துரைக்கும் கவுன்சில் அதிலிருந்து பிறந்ததுதான். வரி அமைப்பை மாற்றுவதற்கு இருக்கும் பூட்டு, ஒரு மாநிலத்தையே துண்டாக்குவதற்கு இல்லை. இது பெரிய குறை என்பது என் உறுதியான எண்ணம்.

வெளிநாட்டில் எப்படி? அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அரசியலமைப்பு உண்டு. டெலவேர் தவிர மற்ற 49 மாநிலங்களிலும், சட்டமன்றம் முன்வைக்கும் திருத்தம் வாக்காளர்கள் ஒப்பினால்தான் செல்லும். எத்தனை சதவீதம் வேண்டும் என்பதே அங்கே பெரிய சண்டை. புளோரிடாவில் 60 சதவீதம் தேவை; 2024 நவம்பரில் கருக்கலைப்பு உரிமைத் திருத்தம் 57 சதவீதம் பெற்றும் தோற்றது. ஒஹையோவில் பாதிக்கு மேல் போதும். அதையும் 60 ஆக்க ஆட்சியாளர்கள் 2023 ஆகஸ்டில் முயன்றார்கள். அந்த மாற்றத்துக்கும் மக்களிடம்தான் போக வேண்டியிருந்தது, மக்கள் மறுத்துவிட்டார்கள்.

நம் அரசியலமைப்பு ஒருபோதும் வாக்காளர் முன் வந்ததில்லை. பொள்ளாச்சிப் பக்கத்து சி.சுப்பிரமணியமும் கோவை டி.ஏ.இராமலிங்கம் செட்டியாரும் உட்கார்ந்திருந்த அரசியல் நிர்ணய சபையை, பெரும்பாலும் மாகாணச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்தன. அந்தச் சட்டமன்றங்களுக்கு வாக்களித்தவர்கள் பெரும்பாலும் சொத்தோ படிப்போ இருந்தவர்களே. அன்றைய நிலையில் வேறு வழி இருந்திருக்காது.

ஆனால் பிறகு ஒரு வாய்ப்பு வந்தது. நெருக்கடி நிலைக் கொடுமைகளுக்குப் பின் ஆட்சிக்கு வந்த ஜனதா அரசு 1978இல் 45ஆவது திருத்த மசோதாவைக் கொண்டுவந்தது. மதச்சார்பின்மை, ஜனநாயகம், அடிப்படை உரிமைகள், நேர்மையான தேர்தல், நீதித்துறைச் சுதந்திரம் ஆகியவற்றில் கைவைக்கும் எந்தத் திருத்தமும் மக்கள் வாக்கெடுப்பில் வென்றாக வேண்டும், அதில் குறைந்தது 51 சதவீத வாக்காளர்கள் பங்கேற்க வேண்டும் என்றது அதன் ஒரு ஷரத்து. மக்களவை ஏற்றது. காங்கிரஸ் வலுவாக இருந்த மாநிலங்களவை அதை நீக்கியது. மீதிதான் 44ஆவது திருத்தமாக நிறைவேறியது.

மக்களைக் கேட்பது நம் நாட்டில் நடக்காத காரியம் என்று யாராவது சொன்னால் கோவாவைக் காட்டலாம். அங்கே ஆட்சியிலிருந்த மகாராஷ்டிரவாதி கோமந்தக் கட்சி, கோவாவை மகாராஷ்டிரத்தோடு இணைக்க விரும்பியது. சட்டமன்றத்திடம் விட்டிருந்தால் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும். ஆனால் நாடாளுமன்றம் 1966இல் தனிச் சட்டம் இயற்றி மக்களிடமே கேட்டது. 1967 ஜனவரி 16 அன்று நடந்த வாக்கெடுப்பில் இணைப்புக்கு 1,38,170 வாக்குகள். தனித்து இருப்பதற்கு 1,72,191. கோவா இன்று ஒரு மாநிலம். பிரதிநிதிகளின் மனமும் மக்களின் மனமும் எவ்வளவு விலக முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நம்மிடம் இல்லை.

வாக்கெடுப்பில் ஆபத்தும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. இலங்கையில் 1982 டிசம்பர் 22 அன்று, பொதுத்தேர்தல் நடத்தாமல் நாடாளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டுகள் நீட்டிக்கலாமா என்று கேட்டார்கள். சுமார் 54.7 சதவீதம் ‘ஆம்’ என்றது. யாழ்ப்பாணம் மிகப் பெரும்பான்மையாக ‘இல்லை’ என்றது. எண்ணிக்கையில் அந்தக் குரல் அமிழ்ந்துபோனது. ஆகவே சிறுபான்மையோரின் உரிமைகளை மொத்த வாக்கு எண்ணிக்கையிடம் ஒப்படைக்கவே கூடாது. எல்லை விஷயத்திலும் யாரை எண்ணுவது என்பதைக் கவனமாக வகுக்க வேண்டும். நாளைக்குக் கொங்கு மண்டலம் பற்றிய கேள்வி எழுந்தால் மற்ற தமிழகத்தின் கருத்தும் தெரிய வேண்டும். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களின் வாக்கைத் தனியாக எண்ணவும் வேண்டும். நீலகிரி மலைமக்கள் தங்களைக் கொங்கு என்று நினைக்கிறார்களா என்பதை அவர்களிடமே கேட்க வேண்டும்.

பிரிப்பது நல்லதா, கெட்டதா என்பது வேறு விவாதம். இரண்டு பக்கத்தாருக்கும் பொதுவான கோரிக்கை ஒன்று இருக்கிறது: சம்பந்தப்பட்ட மக்களின் ஒப்புதல் இல்லாமல் எந்த மாநிலத்தின் எல்லையையும் மாற்றக் கூடாது என்று 3ஆவது பிரிவைத் திருத்த வேண்டும். அந்தத் திருத்தத்துக்கு மாநிலங்களின் ஒப்புதல்கூடத் தேவையில்லை; நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு போதும். அடுத்த மக்களவைத் தேர்தலில் வாக்குக் கேட்டு உங்கள் வாசலுக்கு வரும் வேட்பாளர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், இதற்கு ஆதரவாக வாக்களிப்பாரா என்று நேரில் கேளுங்கள்.