பாப்லர் நகரசபையார் சிறை சென்ற வரலாறு

இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில், தேம்ஸ் நதி வளைந்து திரும்பும் இடத்தில், கப்பல் துறைகளின் உயர்ந்த மதில்களை ஒட்டி அமைந்திருந்த பாப்லர் என்னும் நகராட்சியின் அங்கத்தினர் 30 பேர், 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், களவும் கலகமும் செய்யாமல், தங்கள் ஊர் ஏழைகளின் தலையில் மேலும் வரிச்சுமையை ஏற்ற மாட்டோம் என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றிய குற்றத்துக்காகவே சிறை புகுந்தார்கள். ஆறு வாரம் சிறையில் இருந்து, ஒரு சட்டத்தையே மாற்றச் செய்து வெளியே வந்தார்கள். ஏழைகளுக்கு அளிக்கும் உதவியைக் குறைப்பதும், தொழிலாளருக்கு அரணாக உள்ள விதிகளைத் தளர்த்துவதும் சிக்கனம் என்னும் பெயரால் நடைபெறும்போது, ஓர் ஊர்ச் சபையால் என்ன செய்ய இயலும் என்று கேட்பவர்கள் இந்த வரலாற்றை ஊன்றிப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

பாப்லரின் ஜீவனம் கப்பல் துறைகளை நம்பியிருந்தது. மேற்கிந்தியத் துறை, கிழக்கிந்தியத் துறை என்று பெயர் பெற்ற அவ்விடங்களில் உலகத்தின் சரக்கெல்லாம் வந்து இறங்கிற்று. இறக்கியவர்களுக்கோ நிலையான வேலை கிடையாது. காலையில் துறையின் வாயிலில் கூடி நிற்கும் கூட்டத்திலிருந்து மேஸ்திரி தம் மனத்துக்குப் பிடித்தவர்களைக் கைகாட்டி அழைப்பார். அழைக்கப்பட்டவனுக்கு அரை நாள் வேலை. அழைக்கப்படாதவன் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். முதல் உலகப்போர் முடிந்து சிறிது காலம் செழித்திருந்த வியாபாரம் 1920-இன் இறுதியில் சரிந்தது. 1921-ஆம் ஆண்டின் நடுவில் பிரிட்டன் முழுவதிலும் வேலையில்லாதோர் தொகை 20 லட்சத்தைத் தாண்டிற்று. போரில் வென்று திரும்பிய வீரர்களுக்கு நல்ல வீடும் நல்வாழ்வும் தருவோம் என்று வாக்களித்திருந்த பிரதம மந்திரி லாயிட் ஜார்ஜின் சர்க்கார் அந்த நெருக்கடியில் செய்தது என்ன? ஆண்களுக்கு வாரத்துக்கு 20 ஷில்லிங்காக இருந்த வேலையில்லாக் காலப் படியை ஜூலை மாதத்தில் 15 ஷில்லிங்காகக் குறைத்தது. விவசாயத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்து வந்த சபையை அதே ஆண்டில் கலைத்தது. தேவை மிகுந்த வேளையிலேயே உதவி சுருங்கிற்று.

அரசாங்கத்தின் படியைப் பெறத் தகுதி இல்லாதவர்களும், பெற்றுத் தீர்த்தவர்களும் போய் நிற்பதற்கு ஒரே வாயில்தான் இருந்தது. அது ஏழைப் பரிபாலன சபையின் வாயில். 1834-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருப்பெற்ற அந்த ஏற்பாட்டில், உதவி நாடி வருபவன் வெட்கி அஞ்சும்படியாக உதவி அமைய வேண்டும் என்பதே மூலக் கொள்கை. ஏழை விடுதிக்குள் குடும்பத்தைப் பிரித்து அடைத்து வைத்து, வேலை வாங்கிக்கொண்டு சோறு போடுவார்கள். விடுதிக்கு வெளியே வீட்டில் இருப்பவருக்கு உதவுவதைப் பெருந்தவறாகவே கருதினார்கள். பாப்லரின் பரிபாலன சபையில் 1890-களிலிருந்தே அங்கம் வகித்த ஜார்ஜ் லான்ஸ்பரி இந்தக் கொடுமையை நேரில் கண்டு, சகாக்களுடன் சேர்ந்து உணவையும் உடையையும் நடத்தையையும் சிறிது சிறிதாகத் திருத்தி வந்தவர். 1905 முதல் 1909 வரை ஏழைச் சட்டத்தை ஆராய்ந்த ராஜாங்கக் கமிஷனில் பீட்ரிஸ் வெப் அம்மையாருடன் சேர்ந்து, அச்சட்டத்தையே ஒழித்துவிட வேண்டும் என்று கூறிய சிறுபான்மை அறிக்கையில் கையொப்பமிட்டவரும் அவரே.

இனி, விவகாரத்தின் மையமான வரிக்கணக்கைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏழைகளுக்குக் கொடுக்கும் உதவிப் பணத்தின் பெரும்பகுதியை அந்தந்த ஊரே வீட்டு வரியிலிருந்து திரட்டிக்கொள்ள வேண்டும். வீட்டு வரியோ வீடுகளின் வாடகை மதிப்பைப் பொறுத்தது. வெஸ்ட்மினிஸ்டரில் மாளிகைகளும் கடைவீதிகளும் நிறைந்திருந்தமையால், பவுனுக்கு ஒரு பென்னி வரி போட்டாலே பாப்லரில் அதே வரியால் கிடைப்பதைப் போலப் பல மடங்கு பணம் வந்து சேர்ந்தது. ஆனால் அங்கே உதவி கேட்கும் ஏழைகள் சொற்பம். பாப்லரிலோ ஏழைகள் அதிகம், வீடுகளின் மதிப்புக் குறைவு. ஆகவே வேலையிழந்தவனுக்கு உணவளிக்கும் பாரம், அவனைவிட ஓரளவே மேலான நிலையில் இருந்த அண்டை வீட்டுக்காரன்மேல் விழுந்தது. துறைமுகத்தில் கப்பல்கள் கொண்டுவந்த லாபம் மேற்கு இலண்டனுக்குப் போய்விட, அந்தச் சரக்கைச் சுமந்த தோள்கள் ஓய்ந்தபோது அவற்றைக் காக்கும் செலவு மாத்திரம் கிழக்கிலேயே நின்றது. இதற்கு மேலாக, இலண்டன் ஜில்லா சபைக்கும், போலீசுக்கும், நோய் விடுதிகளை நடத்திய சபைக்கும், குடிநீர்ச் சபைக்கும் சேர வேண்டிய பங்கையும் இந்த ஏழை ஊரே வசூலித்துக் கட்ட வேண்டும். இதைவிடத் தலைகீழான நீதியை நான் கேள்விப்பட்டதில்லை.

1919-ஆம் ஆண்டு நவம்பரில் நடந்த நகராட்சித் தேர்தலில் பாப்லரின் 42 ஸ்தானங்களில் 39 தொழிற்கட்சிக்குக் கிடைத்தன. துறைமுகத் தொழிலாளர், ரயில்வே ஊழியர், தபால்காரர் என்று உழைத்துப் பிழைத்தவர்களே பெரும்பாலும் சபையில் அமர்ந்தார்கள். குழந்தைகளுக்கும் தாய்மார்களுக்கும் பால், மகப்பேறு உதவி, நூலகம், குளிக்கும் இடம், வீடு ஆகியவற்றில் அவர்கள் கருத்தைச் செலுத்தினார்கள். 1920-இல் நகராட்சி ஊழியர்களுக்குக் குறைந்தபட்ச வாரக் கூலியாக 4 பவுன் என்று நிர்ணயித்தார்கள். அதை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாகவே வைத்தார்கள். கட்டடம் துடைக்கும் ஸ்திரீக்கும் வீதி பெருக்கும் ஆடவனுக்கும் சமமான கூலி என்பது அக்காலத்தில் பெரும் புதுமை. இந்த ஒரு செயலின் பலனை அவர்கள் பின்னர் அனுபவித்த விதத்தைக் கீழே சொல்கிறேன்.

1921 மார்ச் மாதத்தில், வேறு வழி யாவும் அடைபட்ட பின்பு, அச்சபை ஒரு முடிவுக்கு வந்தது. தன் ஊரின் காரியங்களுக்கும் ஏழைகளின் நிவாரணத்துக்கும் வேண்டிய வரியை மாத்திரம் விதிப்பது. மேலிடத்துச் சபைகளுக்கு உரிய பங்கை விதிப்பதுமில்லை, செலுத்துவதுமில்லை. ஜில்லா சபையும் நோய் விடுதிச் சபையும் வழக்குத் தொடுத்தன. ஜூலை 29-ஆம் தேதி, தண்டத்தை ஏந்தியவர் முன்னே செல்ல, நகரத் தலைவர் சாம் மார்ச் பதவிச் சங்கிலியுடன் நடக்க, அங்கத்தினரும் 2,000 பேர் அளவிலான ஊர்மக்களும் வாத்திய முழக்கத்தோடு உயர்நீதிமன்றத்தை நோக்கி ஊர்வலமாகச் சென்றார்கள். நாங்கள் நீதிமன்றத்துக்குப் போகிறோம், ஒருவேளை அங்கிருந்து சிறைக்கும் போவோம் என்ற கருத்தைத் தாங்கிய பதாகை அவர்களுக்கு முன் சென்றது. வாதாடுவதற்கு அவர்களிடம் பெரிய சட்ட நுணுக்கம் ஒன்றும் இல்லை. வரி செலுத்தினால் ஊர் பட்டினி கிடக்கும், பட்டினி போடச் சம்மதியோம் என்பதே அவர்கள் வாதம்.

பங்கைச் செலுத்தும்படி நீதிமன்றம் இட்ட கட்டளைக்கு அவர்கள் அடங்காமையால், செப்டம்பர் முதல் தேதியன்று கைதுகள் தொடங்கின. ஆண்களை பிரிக்ஸ்டன் சிறைக்கும் பெண்களை ஹாலோவே சிறைக்கும் கொண்டுபோனார்கள். நீதிமன்றம் காலவரையறை எதுவும் சொல்லவில்லை. கட்டளைக்கு அடங்கும் வரையில் சிறைவாசம். பெண்களில் நெல்லி கிரெஸ்ஸல் நிறைகர்ப்பிணி. பிள்ளைகளை வீட்டில் விட்டு வந்த தாய்மாரும் தந்தையரும் அவர்களில் இருந்தார்கள். கிரெஸ்ஸல் அம்மையாரைச் சிறையில் வைத்திருப்பதால் வரும் அபகீர்த்தியை அஞ்சிய அரசாங்கம் அவரை முன்னதாகவே விடுவித்தது. 22 ஆண்டுகளுக்குப் பிறகு, 1943-இல், அவர் அதே பாப்லரின் நகரத் தலைவரானார்.

சிறைக்குள் நடந்ததுதான் வியப்பானது. கைதிகள் தங்களைக் கைதிகளாக எண்ணவில்லை. ஊரை ஆளும் சபையார் என்றே எண்ணினார்கள். நகராட்சிக் காரியங்கள் நின்றுவிடக் கூடாது என்று வாதாடி, பிரிக்ஸ்டன் சிறையிலேயே சபை கூடுவதற்கு உத்தரவு பெற்றார்கள். கூட்டம் நடக்கும் நாட்களில் ஹாலோவே சிறையிலிருந்து பெண் அங்கத்தினரை மோட்டார் வண்டியில் ஏற்றி, இலண்டன் நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு அழைத்து வருவார்கள். சிறை அறையிலே தீர்மானங்கள் வாசிக்கப்பட்டு நிறைவேறும். மீண்டும் அவரவர் கூடத்துக்குத் திரும்புவார்கள். மாலை வேளைகளில் ஊர்மக்கள் மதிலுக்கு வெளியே திரண்டு பாடுவார்கள்; சிறைப்பட்ட அங்கத்தினரில் ஒருவரும் 60 வயதைக் கடந்தவருமான லான்ஸ்பரி தம் அறையின் கம்பிகளுக்குள்ளிருந்து அவர்களுக்குப் பிரசங்கம் செய்வார். வெளியே, குடியிருப்போர் சங்கம் அமைத்து, சபையாரைத் தண்டித்தால் வாடகையும் கொடுக்கமாட்டோம் என்று உறுதி பூண்டார்கள். அண்டை நகராட்சிகளான ஸ்டெப்னியும் பெத்னால் கிரீனும் பாப்லரைப் போலவே வரி விதிக்க மறுப்பதாகத் தீர்மானித்தன. ஒரு சபையைச் சிறையில் அடைக்கலாம்; ஒன்றன்பின் ஒன்றாக எத்தனை சபைகளை அடைப்பது?

இந்தக் கட்டுப்பாடு தானாக வந்ததன்று என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். வரிக்கணக்கு என்பது சாதாரண ஜனங்களைக் கண்டால் ஓடி ஒளியும் விஷயம். பென்னியும் பவுனும், மதிப்பும் பங்கும், மேலிடச் சபையும் கீழிடச் சபையும் என்று சிக்கலாக இருந்ததைத் தெருமுனைக் கூட்டங்களிலும், தொழிற்சங்கக் கூடங்களிலும், வாசற்படிகளிலும் சபையார் திரும்பத் திரும்ப விளக்கியிருந்தார்கள். வெஸ்ட்மினிஸ்டரின் பென்னிக்கும் பாப்லரின் பென்னிக்கும் உள்ள பேதம் அடுக்களையில் இருந்த பெண்ணுக்கும் புரிந்திருந்தது. தீரத்தைக் காட்டிலும் இந்தப் பொறுமையான போதனையே அவர்களுடைய வெற்றிக்கு மூலகாரணம் என்று நான் கருதுகிறேன். சிறைக்குப் போகத் துணிந்தவர்கள் சரித்திரத்தில் பலர் உண்டு, ஏன் போகிறோம் என்பதை முன்கூட்டியே ஊர் முழுவதும் அறியும்படி செய்தவர்கள் சிலரே.

அவர்களை எதிர்த்தவர்கள் எல்லாரும் செல்வர்களல்லர். ஹாக்னியின் நகரத் தலைவரும் தொழிற்கட்சியின் தலைவர்களில் ஒருவருமான ஹெர்பர்ட் மாரிசன், சட்டத்தை நிறைவேற்ற வேண்டிய சபையே சட்டத்தை மீறினால் நாளைக்கு நமக்கு விரோதமான சபைகளும் அவ்வாறே செய்யும், நம்மிடம் ஆட்சி ஒப்படைக்கப்படும் என்னும் நம்பிக்கையும் கெடும் என்று அஞ்சினார். அந்த அச்சம் அர்த்தமற்றதன்று. ஆயினும் அதே மாரிசன்தான் இலண்டன் தொழிற்கட்சி நகரத் தலைவர்களைக் கூட்டிக்கொண்டு, ஸ்காட்லாந்தில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த பிரதம மந்திரியைத் தேடிச் சென்று வழக்குரைக்க நேர்ந்தது. பாப்லர் சிறைக்குப் போயிராவிட்டால் அப்பயணத்துக்கே அவசியம் ஏற்பட்டிராது.

அக்டோபர் 12-ஆம் தேதி, வரிப் பங்கீட்டைப் பற்றி ஆலோசிக்கும் மகாநாட்டில் கலந்துகொள்ளும்பொருட்டு என்று காரணம் கூறி, மன்னிப்புக் கேளாத அந்தக் கைதிகளை நீதிமன்றம் விடுதலை செய்தது. சில வாரங்களுக்குள் பார்லிமெண்டு புதிய சட்டம் செய்து, வீட்டிலிருந்தே பெறும் நிவாரணத்தின் செலவில் பெரும்பங்கை இலண்டன் முழுவதற்கும் பொதுவான நிதியிலிருந்து கொடுக்க ஏற்பாடு செய்தது. வெஸ்ட்மினிஸ்டரின் பென்னி பாப்லரின் அடுப்புக்கு வந்து சேர்ந்தது.

வெற்றிக்கு விலை இருந்தது. அங்கத்தினரில் ஒருவரும் லான்ஸ்பரியின் மருமகளுமான மின்னி, யூதக் குடும்பத்தில் பிறந்து ஆசிரியையாகப் பணிபுரிந்தவர், சிறையிலிருந்து மீண்ட சில வாரங்களில் நோயுற்று, 1922 ஜனவரி முதல் தேதி 32-ஆம் வயதில் காலமானார். சிறைவாசமே அவர் உடலைக் கெடுத்தது என்று ஊர் நம்பிற்று. அவர் நினைவாக நிறுவிய கடிகாரம் பௌ வீதியில் இன்றும் இருக்கிறது.

நிவாரணப் போரில் வென்ற சபை, கூலிப் போரில் தோற்றது. விலைவாசி இறங்கிய பின்பும் 4 பவுன் கூலியைக் குறைக்க மறுத்ததற்காக, மாவட்டத் தணிக்கையாளர் 1921–22-ஆம் ஆண்டுக் கணக்கில் 5,000 பவுனை அங்கத்தினரின் சொந்தப் பொறுப்பாகச் சுமத்தினார். கீழ்நீதிமன்றம் தணிக்கையாளர் பக்கம் நின்றது. அப்பீல் நீதிமன்றம் சபையின் பக்கம் நின்றது. 1925-இல் பிரபுக்கள் சபை முடிவாகச் சபையைக் கண்டித்தது. தகுந்ததென்று கருதும் கூலியைக் கொடுக்கலாம் என்று சட்டம் கூறினாலும், அத்தகுதியைச் சந்தை விலை தீர்மானிக்க வேண்டுமே தவிர மனிதத்தன்மையைப் பற்றிய கருத்தன்று என்றும், ஆணுக்கும் பெண்ணுக்கும் சமக்கூலி என்பது தவறான இலட்சியம் என்றும் பொருள்படும்படி சில நீதிபதிகள் பேசினார்கள். படித்த பெரியோர்கள் நிதானமாக உட்கார்ந்து இப்படி எழுதியதைப் படிக்கையில் இன்றைக்கும் மனம் கொதிக்கிறது.

நம் நாட்டோடும் இவர்களுக்கு உறவு உண்டு. லான்ஸ்பரி பிரம்மஞான சபையைச் சேர்ந்தவர். சென்னை அடையாற்றில் இருந்த அன்னி பெசண்ட் அம்மையாரின் நண்பர். அம்மையார் முன்னின்று தயாரித்த இந்திய சுயாட்சி மசோதாவை 1925-இல் பார்லிமெண்டில் கொண்டுவந்தவர் அவரே. பாப்லர் நகரசபையில் சில ஆண்டுகள் பணியாற்றிய மூரியல் லெஸ்டர் அம்மையார் நடத்திய கிங்ஸ்லி மண்டபத்தில்தான், 1931-இல் வட்டமேஜை மகாநாட்டுக்குச் சென்ற காந்தியடிகள், அரசாங்கத்தின் உபசாரத்தை ஏற்காமல், கிழக்கு இலண்டன் ஏழைகளின் நடுவே தங்கினார். வரி மறுத்துச் சிறை சென்றவர்களின் தெருக்களில், உப்பு வரி மறுத்துச் சிறை சென்றவர் அதிகாலையில் உலாவி வந்தார்.

பாப்லரைப் போல் தாராளமாக உதவி வழங்கிய ஏழைப் பரிபாலன சபைகளைக் கலைத்துவிடும் அதிகாரத்தை 1926-இல் சுகாதார மந்திரி நெவில் சேம்பர்லின் சட்டமாக்கிக்கொண்டு, முதலில் வெஸ்ட் ஹாம் சபையைக் கலைத்தார். 1948-இல் ஏழைச் சட்டமே நீக்கப்பட்டது. பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் கண்டித்த சமக்கூலி, 1970-இல் அந்த நாட்டின் சட்டமாயிற்று.